முதல் பதினொரு வரிகள் மட்டும் என்னுடையவை

பேர்லின், 17 ஒக்ரோபர் 2024, வியாழக்கிழமை, முற்பகல் 9.40. இணைய மோசடி விசாரணைப் பிரிவு, அறை 214. விசாரணை அதிகாரி திருமதி கெர்லாக். மொழிபெயர்ப்பாளர் செல்வி தேனுஜா. சந்தேகநபர் தமிழில் கூறியவை அவர் கூறிய ஒழுங்கிலேயே கீழே எழுதப்படுகின்றன.

என் பெயர் செபமாலை அம்புறோஸ். வயது 62. பிறந்த இடம் மன்னார் மாவட்டம், பேசாலை. 1990ஆம் ஆண்டு முதல் யேர்மனியில் இருக்கிறேன். தற்போது பேர்லின் நொய்கெல்னில் றிக்சார்ட் வீதியில் இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கிறேன். மனைவி றெஜினா 2019ஆம் ஆண்டு காலமானார். ஒரே மகள் யூலியா, இங்கேயே ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறார். நான் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் ஒரு நிறுவனத்தில் பத்தொன்பது வருடங்களாக வேலை செய்கிறேன். நாங்கள் பூசை காணும் தமிழ்க் கத்தோலிக்க சபையில் பதினைந்து வருடங்களாகச் செயலாளராக இருக்கிறேன். இதற்கு முன் எந்தப் பொலிஸ் நிலையத்திலும் எனக்கெதிராக முறைப்பாடு இருந்ததில்லை.

பேசாமல் இருக்கவும், சட்டத்தரணியை வைத்துக்கொள்ளவும் எனக்கு உரிமை உண்டு என்று சொல்லப்பட்டது. விளங்கிக்கொண்டேன். சட்டத்தரணி வேண்டாம், நானே சொல்கிறேன் என்று கூறினேன்.

முறைப்பாட்டின்படி, என் மின்னஞ்சல் முகவரியிலிருந்து ஹம் நகரில் வசிக்கும் மரியரட்ணம் என்பவருக்குக் கடந்த ஏப்ரல் மாதம் முதல் கடிதங்கள் போயிருக்கின்றன, அவற்றை நம்பி அவர் நான்கு தடவைகளில் பதினோராயிரத்து அறுநூறு யூரோவை என் பெயரில் உள்ள ஒரு வங்கிக் கணக்கிற்கு அனுப்பியிருக்கிறார். அந்தக் கணக்கை நான் திறக்கவில்லை. அந்தக் கடிதங்களையும் நான் அனுப்பவில்லை. ஆனால் முதற் கடிதத்தின் ஒரு பகுதியை எழுதியவன் நான். அதை விளக்குவதற்குப் பழையதிலிருந்து சொல்ல வேண்டும்.

மரியரட்ணமும் நானும் பேசாலையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். 1990இல் ஒரே முகவருக்குக் காசு கட்டி, ஒரே லொறியில் எல்லை கடந்து வந்தோம். பேர்லினில் அகதி முகாமில் ஒரே அறையில் பதினான்கு மாதம் இருந்தோம். என் மகளின் ஞானஸ்நானத்திற்கு அவர்தான் ஞானத்தகப்பனாகத் தலைதொட்டார். அவருக்குப் பென்ஜமின் என்று ஒரு தம்பி இருந்தார். நாங்கள் பெஞ்சி என்றே கூப்பிடுவோம். பெஞ்சி ஊரில் ஆசிரியராக இருந்தார். 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்த மே மாதத்திற்குப் பிறகு அவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கடற்கரையில் காயப்பட்டுக் கிடந்ததைக் கண்டதாக ஒருவர் சொன்னார். இராணுவம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டதாக இன்னொருவர் சொன்னார். மரியரட்ணம் பஸ்ஸை நம்பினார். நான் கரையை நம்பினேன்.

எங்கள் சபையில் நவம்பர் மாதம் இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்போம். அன்று வாசிக்கும் பெயர்ப் பட்டியலைச் செயலாளர்தான் தட்டச்சுச் செய்ய வேண்டும். 2011ஆம் ஆண்டு பட்டியலில் நான் பென்ஜமினின் பெயரையும் சேர்த்தேன். மரியரட்ணத்திடம் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டார் என்று தெரியும். இரண்டரை வருடம் போய்விட்டது, அந்த ஆத்துமாவுக்கு ஒரு செபமாவது கிடைக்கட்டும் என்று அன்று நினைத்தேன். பெயர் வாசிக்கப்பட்டபோது மரியரட்ணம் இருந்த வாங்கிலிருந்து எழும்பி, "என்ர தம்பி இருக்கிறான்" என்று உரக்கச் சொன்னார். பாதர் வாசிப்பதை நிறுத்தினார். மரியரட்ணம் மனைவியையும் மகள் லவினியாவையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார். அதன் பின்னர் என்னுடன் கதைக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் வேலையை மாற்றிக்கொண்டு ஹம் நகருக்குக் குடிபோனார்.

ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் கெவலார் மாதா கோவிலுக்கு யேர்மனி முழுவதிலுமிருந்து தமிழ்ச் சனம் வரும். அங்கே அவரை வருடா வருடம் காண்பேன். மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் ஒருமுறை பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். அவர் தன்னுடைய திரியைக் கொளுத்திவிட்டுப் போனார்.

2019 பெப்ரவரியில் றெஜினா காலமானபோது நான் அவருக்கு அறிவிக்கவில்லை. அவர் எப்படியோ அறிந்து ஹம்மிலிருந்து வந்து, சேமக்காலையில் எல்லோருக்கும் பின்னால் நின்றார். வரிசையில் வந்து மண் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல் றெயில் நிலையத்திற்குப் போய்விட்டார். அந்தக் கிழமைதான் நான் அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பதினொரு வரிகள். எழுதிவிட்டு அனுப்பவில்லை. அது அனுப்பாத கடிதங்கள் இருக்கும் பெட்டியில் கிடந்தது. அதன் பின்னர் ஐந்து வருடங்களில் ஏழெட்டுத் தடவை அதைத் திறந்து ஒரு சொல்லை மாற்றுவேன், ஒரு சொல்லைக் கூட்டுவேன், பிறகு மூடிவிடுவேன். ஏன் அனுப்பவில்லை என்று அதிகாரி கேட்டார். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன்.

இவ்வருடம் மார்ச் 12ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை வேலை முடித்து ஒன்பதரை மணியளவில் யூ-பான் சுரங்க றெயிலில் வந்துகொண்டிருந்தபோது கைத்தொலைபேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என் மின்னஞ்சல் நிறுவனத்தின் அடையாளம் போட்டு, யேர்மன் மொழியில், உங்கள் அஞ்சற்பெட்டி நிறைந்துவிட்டது, இன்று பன்னிரண்டு மணிக்குப் பின்னர் மிகப் பழைய கடிதங்களிலிருந்து ஒவ்வொன்றாக அழிக்கப்படும், அழிக்காமல் வைத்திருக்க இங்கே அமத்தவும் என்று இருந்தது. றெஜினா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி மூன்று மாதமும் மத்தியானச் சாப்பாட்டைப் படம் பிடித்து, "இண்டைக்கு இதுதான் தந்தவை" என்று எழுதி எனக்கு அனுப்புவார். அவை எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தன. நான் அமத்தினேன். வந்த பக்கம் வழமையாக வரும் பக்கத்தைப் போலவே இருந்தது. முகவரியையும் கடவுச்சொல்லையும் எழுதினேன். நன்றி என்று வந்தது. நான் வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டேன்.

மறுநாள் திறக்க முடியவில்லை. கடவுச்சொல் பிழை என்றது. புதுக் கடவுச்சொல் கேட்டபோது, அதை எனக்குத் தெரியாத ஒரு தொலைபேசி இலக்கத்திற்கு அனுப்பியதாகச் சொன்னது. அன்று பின்னேரம் யூலியா வந்து பார்த்துவிட்டு, "அப்பா, கள்ளர் புகுந்திட்டாங்கள். இதுக்குள்ள என்னென்ன இருந்தது?" என்று கேட்டார். கடவுச்சீட்டின் பிரதி, வீட்டுப் பதிவுப் பத்திரத்தின் பிரதி, சம்பளத் துண்டுகள் எல்லாம் இருந்தன என்று சொன்னேன். அவர் எனக்குப் புது முகவரி ஒன்று திறந்து தந்தார். பிறகு, "உங்களைத் தெரிஞ்ச எல்லாருக்கும் சொல்லுங்கோ. பொலிசிலயும் போய்ச் சொல்லுங்கோ. நாளைக்கே சொல்லுங்கோ" என்றார். ஓம் என்றேன்.

நான் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இவ்வருடம் ஜனவரி மாதம் பூசை முடிந்த பின் சபை மண்டபத்தில் நான்தான் எழுந்து நின்று, தெரியாத இணைப்பை அமத்த வேண்டாம், கடவுச்சொல்லை எங்கேயும் எழுத வேண்டாம் என்று பத்து நிமிடம் விளங்கப்படுத்தினேன். வயது போன சிலர் கடுதாசி ஒற்றையில் எழுதிக்கொண்டார்கள். ஏழு கிழமைக்குள் அதே மண்டபத்தில் எழுந்து நின்று நானே அமத்திவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. யூலியா இரண்டு தரம் கேட்டார். சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன். இந்த வாக்குமூலத்தில் நான் ஏற்றுக்கொள்ளும் குற்றம் இதுதான். சட்டத்தில் இதற்குப் பெயர் இருக்கிறதோ தெரியாது.

அதன் பின்னர் செப்டெம்பர் வரை எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது அதிகாரி காட்டிய பிரதிகளிலிருந்துதான் நடந்தவற்றை அறிகிறேன். ஏப்ரல் 4ஆம் திகதி, என் பழைய முகவரியிலிருந்து மரியரட்ணத்திற்கு அந்தப் பதினொரு வரிகளும் அப்படியே போயிருக்கின்றன. "ரட்ணம், பெஞ்சியின்ர பெயரை அந்த லிஸ்ரில எழுதினது நான். உன்னைக் கேக்காமல் எழுதினன். அவன் செத்திட்டான் எண்டு எனக்கு யார் சொன்னது? ஒருத்தரும் சொல்லேல்லை" என்று தொடங்குவது. அவை என்னுடைய சொற்கள். அவற்றின் கீழே, இடைவெளி விட்டு, வேறு விதமான தமிழில், "மிக முக்கியமான விடயம். உங்கள் சகோதரர் பென்ஜமின் உயிருடன் இருப்பதாக எனக்கு நம்பகமான தகவல் கிடைத்துள்ளது. தயவுசெய்து இதனை எவரிடமும் கூற வேண்டாம்" என்று இருக்கிறது. இவை என்னுடைய சொற்கள் அல்ல. நான் மரியரட்ணத்தை ஒருநாளும் நீங்கள் என்று கூப்பிட்டதில்லை. அதிகாரியின் அனுமதியுடன் பிரதியில் பதினோராம் வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, என் சுருக்கக் கையொப்பத்தை இட்டிருக்கிறேன். கோட்டுக்கு மேலே உள்ளதை மறுக்கவில்லை.

அதற்குப் பின் வந்த கடிதங்களில், பெஞ்சி ஓரிடத்தில் பதிவில்லாமல் வைக்கப்பட்டிருக்கிறார், ஒரு பெரிய அதிகாரி அவரை வெளியே விட ஒத்துக்கொண்டிருக்கிறார், அதற்குச் செலவு இருக்கிறது, தொலைபேசிகளை ஒட்டுக் கேட்கிறார்கள், ஆகவே எனக்கு ரெலிபோன் எடுக்கக் கூடாது, நேரில் கண்டாலும் கதைக்கக் கூடாது என்று எழுதப்பட்டிருக்கிறது. என் கடவுச்சீட்டுப் பிரதியை வைத்து இணையத்தில் திறந்த கணக்கின் இலக்கமும் அதில் இருக்கிறது. மரியரட்ணம் ஒவ்வொரு கடிதத்திற்கும் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறார். காசைப் பற்றி அதில் இரண்டு வரிதான். மிச்சமெல்லாம் பழைய கதைகள். முகாமில் நான் சமைத்து அடிப்பிடித்த பருப்பு, லொறிக்குள் எனக்குக் காய்ச்சல் வந்தது, பேசாலையில் நாங்கள் படித்த ஆங்கில வாத்தியார். பதின்மூன்று வருடம் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் எனக்கென்று நினைத்து எழுதியிருக்கிறார். அவற்றை நான் நேற்றுவரை வாசிக்கவில்லை.

ஓகஸ்ட் மாதம் கெவலாரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டாம் சனிக்கிழமை. பூசை முடிந்து சனம் சாப்பாட்டுக்குக் கலைந்தபோது மரியரட்ணம் நேரே என்னிடம் வந்தார். என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நான், "ரட்ணம்" என்றேன். அவர், "ஒண்டும் சொல்லாதை. இஞ்ச கதைக்க வேண்டாம்" என்றார். சனக்கூட்டத்துக்குள் அழ வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். எதற்காக இன்றைக்கு, இத்தனை வருடத்திற்குப் பிறகு என்று கேட்கவில்லை. கேட்டால் கையை விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் போன பின் பஸ்ஸில் யூலியாவிடம், "ரட்ணம் என்னோட கதைச்சிட்டான்" என்று சொன்னேன். யூலியா அழுதார். அந்த இடத்தில் நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால், கடைசி இரண்டு தடவையும் அவர் காசு அனுப்பியிருக்க மாட்டார்.

செப்டெம்பர் 9ஆம் திகதி பின்னேரம் நான்கு மணியளவில் லவினியா எனக்கு ரெலிபோன் எடுத்தார். பதின்மூன்று வருடத்திற்குப் பிறகு அவருடைய குரலைக் கேட்டேன். தகப்பனின் வங்கிப் பத்திரங்களைத் தற்செயலாகக் கண்டு, பிறகு கடிதங்களையும் கண்டிருக்கிறார். "அம்புறோஸ் மாமா, உங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இல்லையோ? சித்தப்பாவை ஒருக்காக் கொன்றது காணாதோ? இப்ப அவரை வித்துக் காசாக்குறியளோ?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சொன்னேன். அவர் கடிதத்தின் முதல் வரிகளை வாசித்துக் காட்டினார். நான் கதிரையில் இருந்துவிட்டேன். "பிள்ளை, அது நான் எழுதினது. ஆனா நான் அனுப்பேல்லை" என்றேன். "என்ன கதை கதைக்கிறியள்?" என்று கேட்டு அவர் தொடர்பைத் துண்டித்தார். அன்று காலையே பொலிசில் முறைப்பாடு கொடுத்திருந்தார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். அந்தப் பதிலை யார்தான் நம்புவார்கள்?

செப்டெம்பர் 20ஆம் திகதி இந்த அலுவலகத்திலிருந்து அழைப்புக் கடிதம் வந்தது. அதில் என்னைச் சந்தேகநபர் என்று எழுதியிருந்தது. யூலியாவிடம் காட்டினேன். எல்லாருக்கும் சொல்லிவிட்டேன் என்று முன்னர் சொன்னது பொய் என்பதையும் அன்று சொன்னேன். அவர் கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். அடுத்த நாள் வந்து, நான் மின்னஞ்சல் அனுப்பக்கூடிய நூற்று நாற்பது பேருக்கும் எச்சரிக்கை எழுதி, என் பெயரில் அவரே அனுப்பினார். மரியரட்ணத்திற்கு மட்டும் அனுப்ப வேண்டாம், நான் நேரில் சொல்கிறேன் என்றேன்.

முறைப்பாடு செய்தவர்களிடம் நான் போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். யூலியாவும் சொன்னார். ஆனாலும் ஒக்ரோபர் 3ஆம் திகதி விடுமுறை நாளானபடியால் காலை றெயிலில் ஹம்முக்குப் போனேன். மதியம் பன்னிரண்டரை மணிக்கு அவர்களுடைய வீட்டு மணியை அமத்தினேன். லவினியா கதவைத் திறந்தார். என்னை உள்ளே விட விரும்பவில்லை. உள்ளே இருந்து மரியரட்ணம், "ஆரது?" என்று கேட்டு வந்து, என்னைக் கண்டதும், "இவனை ஏன் வாசலில வைச்சிருக்கிறாய்?" என்று மகளை ஏசினார். பிறகு என் கையைப் பிடித்து நேரே ஓர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அறையில் புதுக் கட்டில் ஒன்று போட்டிருந்தது. மெத்தையின் பொலித்தீன் இன்னும் கழற்றப்படவில்லை. அலுமாரிக் கதவில் கறுப்பு நிறக் குளிர்ச்சட்டை ஒன்று தொங்கியது, விலைத் துண்டும் அதில் இருந்தது. மரியரட்ணம், "அளவு தெரியேல்லை. மெலிஞ்சுதான் வருவான் எண்டு சின்னனா எடுத்தன். பெரிசெண்டால் மாத்தலாம், ஒரு மாசம் தவணை தந்தவங்கள்" என்றார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லவினியா கதவடியில் நின்றார்.

அதன் பின்னர் நான் அவரைக் கட்டிலில் இருக்கச் சொல்லிவிட்டு, "ரட்ணம், அந்தக் கடிதங்களை அனுப்பினது நானில்லை. என்ர பெட்டிக்குள்ள ஒரு கள்ளன் இருக்கிறான்" என்று சொன்னேன். மார்ச் 12ஆம் திகதியிலிருந்து நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன். மண்டபத்தில் வெட்கத்தில் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நான் முடித்ததும், "முதல் கடிதம்?" என்று கேட்டார்.

"அதின்ர முதல் பகுதி நான் எழுதினது."

"எப்ப?"

"றெஜினா செத்த கிழமை."

அவர் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். "அஞ்சு வருசத்துக்கு மேல. பிறகேன் அனுப்பேல்லை?"

நான் கதவடியில் நின்ற லவினியாவைப் பார்த்தேன். அவர், "கள்ளன் அனுப்பிப்போட்டான். உனக்குத்தான் ஏலாமப் போச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு விடயத்தை உறுதிப்படுத்துவது போலச் சொன்னார்.

பிறகு, "அப்ப பெஞ்சி?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

"செத்திட்டான் எண்டு சொல்லன். நீ அப்பிடித்தானே சொல்லுறனி."

"எனக்குத் தெரியாது, ரட்ணம். அண்டைக்கும் எனக்குத் தெரியாது."

அவர் எழும்பிக் குளிர்ச்சட்டையைக் கழற்றி, மடித்து, கடைப் பைக்குள் வைத்தார். பிறகு பையிலிருந்து திரும்ப எடுத்து அதே இடத்தில் தொங்கவிட்டார். "நீ போ, அம்புறோஸ். பொலிஸ் உன்னை வெருட்டியிருக்கு. நீ இப்பிடித்தான் சொல்ல வேணும். எனக்கு விளங்குது" என்றார். பொலிஸ் என்னை ஒன்றும் செய்யவில்லை, நான் சொன்னது உண்மை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டு என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அப்பொழுதும் என் தோளில் கை போட்டிருந்தார்.

பஸ் தரிப்பிடம் வரை லவினியா கூட வந்தார். பஸ் நேர அட்டவணையைப் பார்த்தார். பிறகு, "மாமா, நீங்கள் அனுப்பேல்லை எண்டதை நான் இப்ப நம்புறன். ஆனா அப்பா இன்னும் அதுக்குத்தான் எழுதுறார். அந்த முகவரியை மூடுங்கோ. நீங்கள்தான் மூடவேணும்" என்றார். வங்கிக்கணக்கைத் தன்னுடைய பொறுப்பில் எடுக்கத் தகப்பன் சம்மதிக்கவில்லை என்றும் சொன்னார். தகப்பன் ஏப்ரலுக்குப் பிறகு நித்திரைக் குளிசை எடுப்பதை விட்டுவிட்டார், அது இல்லாமலே நித்திரை கொள்கிறார் என்றும் சொன்னார். பஸ் வந்தது. நான் ஏறினேன்.

அதிகாரி இன்று எனக்கு மேலும் மூன்று பிரதிகளைக் காட்டினார். அவை லவினியா இந்தக் கிழமை கொடுத்தவை. ஒக்ரோபர் 5ஆம் திகதி, நான் போய் இரண்டு நாளின் பின், மரியரட்ணம் என் பழைய முகவரிக்கு எழுதியிருக்கிறார்: "வியாழக்கிழமை வந்தவன் அம்புறோஸோ, இதுக்குள்ள இருக்கிறவன் அம்புறோஸோ? எனக்கு உண்மை வேணும்." ஒரு மணித்தியாலத்திற்குள் பதில் வந்திருக்கிறது: "நான் உங்கள் உண்மையான நண்பர். வந்த நபர் அழுத்தத்தின் கீழ் உள்ளார். அவரை நம்ப வேண்டாம். பென்ஜமின் நலமாக உள்ளார், உங்களை நினைக்கிறார்." அதற்கு மரியரட்ணம், "நலமெண்டு எழுதினாய். அது காணும்" என்று பதில் எழுதியிருக்கிறார். ஒக்ரோபர் 7ஆம் திகதி மீண்டும் எண்ணூறு யூரோ அனுப்பியிருக்கிறார். இம்முறை கணக்கிலக்கம் வேறு, பெயரும் வேறு. அதையும் அவர் கேள்வி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே என் முகத்தை அறிந்தவர். இரண்டு அம்புறோஸ்களில் தனக்குத் தேவையானவனை அவர் தெரிந்தெடுத்தார். இது என்னுடைய அபிப்பிராயம் மட்டுமே, இதற்கு என்னிடம் சாட்சி இல்லை. அதிகாரி இதையும் எழுதும்படி சொன்னார்.

கணக்கைத் திறந்தவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. குறித்த தொலைபேசி இலக்கம் எனக்குத் தெரியாது. அந்தக் காசில் ஒரு சதம்கூட எனக்கு வரவில்லை. என் உண்மையான வங்கிக் கணக்கின் ஒரு வருடப் பதிவுகளையும், மார்ச் 12ஆம் திகதி வேலை நேர அட்டையையும், யூலியா எடுத்த எச்சரிக்கைக் கடிதப் பிரதியையும் ஒப்படைத்திருக்கிறேன். இவற்றைப் பார்த்தபின், என்னைச் சந்தேகநபர் நிலையிலிருந்து விடுவிக்க அரச வழக்குத்தொடுநருக்கு எழுதப்போவதாகத் திருமதி கெர்லாக் சொன்னார். காசு திரும்ப வருமா என்று கேட்டேன். வெளிநாட்டுக்குப் போய்விட்டது, பெரும்பாலும் வராது என்றார்.

அதன் பின்னர் அதிகாரி இன்னொரு படிவத்தை என் முன் வைத்தார். பழைய முகவரியின் உரிமையாளன் என்ற முறையில், அதை நிரந்தரமாக முடக்கும்படி மின்னஞ்சல் நிறுவனத்தைக் கேட்கும் படிவம். நான் கையொப்பமிட்டால் இன்று பின்னேரத்திற்குள் முடக்கப்படும், அதற்குப் பின் அந்த முகவரியிலிருந்து கள்ளனாலும் எழுத ஏலாது, அதற்கு எழுதுகிறவர்களின் கடிதமும் திரும்பிவிடும் என்று விளங்கப்படுத்தப்பட்டது. முடக்குவதற்கு முன் அந்த முகவரியிலிருந்தே மரியரட்ணத்திற்கு நான் ஒரு கடிதம் அனுப்பலாமா என்று கேட்டேன். அனுமதி இல்லை என்று பதில் தரப்பட்டது. என்ன எழுதப்போகிறீர்கள் என்று செல்வி தேனுஜா கேட்டார். அது மொழிபெயர்ப்பாளரின் கேள்வி, விசாரணைக் கேள்வி அல்ல, ஆகையால் பதில் பதியப்படவில்லை.

பதினைந்து நிமிட இடைவேளை கேட்டேன். தரப்பட்டது. தண்ணீர் குடித்தேன். 12.20க்கு விசாரணை தொடர்ந்தது.

படிவத்தில் கையொப்பமிட்டேன். இன்று பின்னேரத்திற்குப் பிறகு, பெஞ்சி நலம் என்று மரியரட்ணத்திற்கு எழுத ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். என்னுடைய கையொப்பத்தினாலேயே அது நின்றது என்பதை லவினியா அவருக்குச் சொல்ல வேண்டாம், நானே ஹம்முக்குப் போய்ச் சொல்வேன் என்று லவினியாவிடம் சொல்லிவைக்குமாறு அதிகாரியைக் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு றெயில் ரிக்கெற் எடுத்திருக்கிறேன்.

இங்கே எழுதப்பட்டது முழுவதும் எனக்குத் தமிழில் மெதுவாக வாசித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் "மன்னித்தார்" என்றிருந்ததை "மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன்" என்று திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. மிச்சத்தில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. எவரும் என்னை வற்புறுத்தவில்லை. நான் அறிந்த வரையில் உண்மையையே சொன்னேன்.

(ஒப்பம்) செ. அம்புறோஸ்
(ஒப்பம்) மொழிபெயர்ப்பாளர் தேனுஜா
(ஒப்பம்) விசாரணை அதிகாரி கெர்லாக்
முடிவுற்ற நேரம்: பிற்பகல் 12.55